கையெழுத்து நம்முடையது

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கூட்டமைப்புச் செயலாளர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், புதுசா வாங்கின மரச்செக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. கேட்க நிறைவா இருந்தது. நான் பேச எடுத்துக்கிட்டது வேற விஷயம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன நம்ம வீட்டு ஆள் அங்கேயே இறந்துபோனா, அவரை ஊருக்குக் கொண்டுவர்றது எப்படி? இதைச் சொன்னதும் செயற்குழுவிலேயே ரெண்டு பேர், "நல்ல நாளும் அதுவுமா சாவைப் பத்தி எதுக்குப் பேச்சு"ன்னு கேட்டாங்க. நியாயம்தான். ஆனா நாம இத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடுறது வருஷத்துக்கு ஒரு நாள். வீட்டுக்காரரோ மகனோ கூடப்பிறந்தவனோ வெளிநாட்டில் இருக்கிறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம். பார்த்தீங்களா, எத்தனை கை! அதனாலதான் பேசுறேன்.

2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தில் மங்காஃப் என்கிற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தியர்கள் மட்டும் 45 பேர், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜூன் 14-ஆம் தேதி காலையில் விமானப்படை விமானம் அந்த உடல்களோடு கொச்சியில் வந்து இறங்கிவிட்டது. ரெண்டே நாள். டிவியில் பார்த்த நம்ம பெண்கள் நிறையப் பேர், அரசாங்கம் நினைச்சா இப்படிக் கொண்டுவந்துடும்னு நினைச்சுக்கிட்டாங்க. அது பெரிய விபத்து, நாடே பார்த்துக்கிட்டிருந்தது. ஒரு ரூமில் தனியாப் படுத்து, தூக்கத்திலேயே நெஞ்சடைச்சுப் போற டிரைவருக்கு விமானப்படை விமானம் வராது. அவர் சரக்கு ஏத்துற கார்கோவில்தான் வரணும். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு காகிதமும் சரியா இருக்கணும். அதுக்கு ரெண்டு வாரம் ஆகும், சில வீட்டுக்கு ஒரு மாசத்துக்கு மேலயும் ஆயிருக்கு.

என் தங்கச்சி வீட்டுக்காரர் சவூதியில் அப்படித்தான் போனார். 41 வயசு. வியாழக்கிழமை ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. கூட இருந்த பையன் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஊரில் இருக்கிற அவர் தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டான். தம்பி மாமனாரிடம் சொன்னார், மாமனார் ஊர்ப் பெரியவங்ககிட்ட சொன்னார். சனிக்கிழமை எங்க ஊர் டீக்கடை வரைக்கும் தெரியும். என் தங்கச்சிக்கு மட்டும் தெரியாது. அவ வெள்ளி, சனி ரெண்டு நாளும் வாட்ஸ்அப்பில் "ஏன் போனை எடுக்க மாட்டேங்குறீங்க, சின்னவனுக்குக் காய்ச்சல்"னு பேசிப் பேசி அனுப்பிக்கிட்டு இருந்திருக்கா. வீட்டுக்கு ஆளுங்க வர்றதும் போறதுமா இருக்கு, அவளைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. கேட்டதுக்கு, "உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கார்"னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் உண்மையைச் சொன்னாங்க.

பாவம், அவ தாங்க மாட்டாள்னுதான் மறைச்சாங்க, கெட்ட எண்ணம் இல்லை. ஆனா அந்த மூணு நாளில் என்ன நடந்ததுன்னு கேளுங்க. கம்பெனியிலிருந்து, உடலை அனுப்ப வீட்டுச் சம்மதம் வேணும், கடிதம் அனுப்புங்கன்னு கேட்டாங்க. கொழுந்தன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிட்டார். தூதரகத்தில் அதை ஏத்துக்கலை. கல்யாணம் ஆனவருக்கு மனைவி சட்டப்படியான வாரிசு. மனைவி கையெழுத்து இல்லாமல் உடல் நகராது. அப்போ யாருக்கு முதல்ல தெரியணும்? எந்தக் கையெழுத்து இல்லாமல் ஒண்ணும் நடக்காதோ, அந்தக் கையெழுத்துக்காரிக்குக் கடைசியில் சொல்றது எந்த ஊர் நியாயம்னு நான் அன்னைக்கே மாமனார் முன்னாடியே கேட்டேன். கோபப்பட்டார். அப்புறம் அவரேதான் எங்களை நோட்டரி வக்கீலிடம் கூட்டிட்டுப் போனார்.

அந்தக் காகிதத்துக்குப் பேர் பவர் ஆஃப் அட்டர்னி, சிலர் சம்மதக் கடிதம்னு சொல்வாங்க. அங்கே உடலை வாங்கி அனுப்ப இன்னாருக்கு அதிகாரம் கொடுக்கிறேன், உடலை இந்தியாவுக்கு அனுப்பணும் அல்லது அங்கேயே அடக்கம் பண்ணலாம்னு வாரிசுகள் எழுதிக் கொடுக்கிறது. நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு, ஆதார், ரேஷன் கார்டு நகல் வச்சு அனுப்பணும். எங்களுக்கு இடித்தது எங்கே தெரியுமா? அவர் முதல்ல பாஸ்போர்ட் எடுத்தது கல்யாணத்துக்கு முன்னாடி. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பேர், அம்மா பேர், மனைவி பேர் எல்லாம் வரும். அவர் பாஸ்போர்ட்டில் மனைவி பேர் இருக்க வேண்டிய இடம் காலி. ஆதாரில் இவள் பேருக்கு முன்னால் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேற இனிஷியல். கல்யாணத்தையும் பதியலை. பதினஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ, தான் அவர் பொண்டாட்டிதான்னு நிரூபிக்க தாலுகா ஆபீஸ் வாசலில் நின்னா. உங்க வீட்டில் இன்னைக்கே எடுத்துப் பாருங்க. அடுத்த தடவை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது மனைவி பேரைச் சேர்த்துடச் சொல்லுங்க.

இன்னொரு காகிதம் வந்தது. அதைப் பத்திக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும். கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம், பாதி அரபி, பாதி இங்கிலீஷ். "இதில் கையெழுத்துப் போட்டா நாளைக்கே உடல் வந்துடும்"னு ஒரு ஆள் போனில் அவசரப்படுத்தினார். அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடக்கிறவகிட்ட அப்படிச் சொன்னா எதில் வேணும்னாலும் போடுவா. நம்ம கூட்டமைப்புக் கணக்காளர் பொண்ணுகிட்ட அதைக் கொடுத்தோம். அந்தப் பொண்ணு ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சது. முதல் பத்தியில் உடலை அனுப்புறதைப் பத்தி இருந்தது. கடைசிப் பத்தியில் சம்பள பாக்கி, வேலை முடிவுப் பணம் எல்லாம் பெற்றுக்கொண்டோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு இருந்தது. ஒரு ரூபாய் வரலை! நாங்க அதில் போடலை. உடலுக்கு மட்டும் தனியா எழுதி, தூதரகத்துக்கே நேரா மின்னஞ்சலில் அனுப்பினோம்.

இதை எல்லாரும் ஞாபகம் வச்சுக்கணும். உடலை அனுப்புற காகிதம் வேற, பண பாக்கியைப் பத்தின காகிதம் வேற. ரெண்டையும் ஒரே தாளில் எழுதி யார் கொண்டுவந்தாலும், "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்"னு சொல்லுங்க. ஒரு நாள் தாமதம் ஆனா ஆகட்டும். அங்கே குளிர்பதன அறையில் இருக்கிற உடல் ஒரு நாளில் கெடாது.

சரி, வாரிசு கடிதம் போன பிறகு அங்கே என்ன நடக்கும்? போலீஸ், ஆஸ்பத்திரி அறிக்கை வாங்கணும். இறப்புச் சான்றிதழ் எடுக்கணும், அது அரபியில் இருந்தா இங்கிலீஷில் மொழிபெயர்க்கணும். தூதரகத்தில் இறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட்டை ரத்து பண்ணி, ஆட்சேபணை இல்லைன்னு சான்று வாங்கணும். உடல் கெடாம இருக்க மருந்து ஏத்துவாங்க, எம்பாமிங்னு சொல்வாங்க, அதுக்கும் ஒரு சான்று. இத்தனைக்கும் பிறகுதான் கார்கோவில் இடம். சாலை விபத்து, தற்கொலை, சந்தேக மரணம்னா போலீஸ் விசாரணை முடிஞ்சாத்தான் உடலை விடுவாங்க, நாள் கூடும். நம்ம ஊர் விமான நிலையத்தில் சுகாதார அதிகாரி பார்க்கிற முக்கியமான காகிதங்கள் நாலு: இறப்புச் சான்றிதழ், எம்பாமிங் சான்றிதழ், தூதரகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட். இந்த அனுமதியைச் சீக்கிரம் கொடுக்கணும்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2023 ஆகஸ்டில் 'இ-கேர்' என்று ஒரு இணையதளம் தொடங்கியிருக்கு. விமான கம்பெனியோ அனுப்புகிறவரோ அதில் விண்ணப்பிச்சுடலாம். "போட்டாச்சா"ன்னு கேட்கிறது மட்டும் நம்ம வேலை.

மொழிபெயர்ப்புன்னு சொன்னேன் இல்லையா, அதைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2021-இல் வட மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் சவூதியில் மாரடைப்பில் இறந்தார். சான்றிதழை மொழிபெயர்த்ததில் அவர் மதத்தைத் தப்பா எழுதிட்டாங்க. வீட்டுக்குத் தெரியாமலே அங்கே அடக்கம் பண்ணிட்டாங்க. அவர் மனைவி விடலை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், என் புருஷன் உடல் எனக்கு வேணும்னு நின்னாங்க. தோண்டி எடுத்து, அந்த வருஷம் மே மாசம் ஊருக்குக் கொண்டுவந்தாங்க. அந்தம்மாவும் நம்மள மாதிரி வீட்டில் இருந்த பொம்பளைதான்.

செலவு யாருடையது? இதில்தான் நம்மளை ஏமாத்துறாங்க. எங்ககிட்டயே ஒரு ஆள் வந்து, "ஒண்ணரை லட்சம் கொடுங்க, பத்து நாளில் இறக்கிடுறேன்"னார். நகையை அடகு வைக்கக் கிளம்பிட்டாங்க. சவூதித் தொழிலாளர் சட்டத்தில் 40-ஆவது பிரிவிலேயே இருக்கு, உடலைத் தயார் பண்ணி ஊருக்கு அனுப்புற செலவு வேலை கொடுத்தவருடையதுன்னு. அந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் அந்த ஆளைத் திருப்பி அனுப்பினோம். ஐக்கிய அரபு அமீரகச் சட்டமும் அந்தச் செலவை முதலாளி தலையில்தான் வைக்குது. முதலாளி மறுக்கிறார், வீட்டிலும் வசதி இல்லைன்னா, நம்ம தூதரகங்களில் இந்திய சமூக நல நிதின்னு ஒண்ணு 2009-லிருந்து இருக்கு. அதிலிருந்து விமானச் செலவு கொடுக்க வழி உண்டு. தானா வந்து கொடுக்க மாட்டாங்க, வீட்டு நிலைமையை எழுதிக் கேட்கணும்.

முன்னெல்லாம் சவப்பெட்டியை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவுன்னு வாங்கினாங்க. மனுஷனைக் கறிக்கடையில் நிறுத்துற மாதிரி. வளைகுடாவில் இருக்கிற நம்ம ஆட்கள் கத்திக் கத்தி, 2019 ஜனவரியிலிருந்து ஏர் இந்தியா அங்கிருந்து வர்ற உடல்களுக்கு எடை பார்க்காம ஒரே கட்டணம்னு ஆக்கினாங்க. இந்த மாதிரி வேலைக்குன்னே வாழ்க்கையைக் கொடுத்தவங்களும் அங்கே இருக்காங்க. அஜ்மானில் இருக்கிற அஷ்ரஃப் தாமரசேரி என்கிற மலையாளி, ஆயிரக்கணக்கான உடல்களை ஜாதி மதம் பார்க்காம ஊருக்கு அனுப்பி வச்சவர். நம்ம தமிழ் ஆட்களும் பல ஊர்களில் சங்கம் வச்சுச் செய்யுறாங்க. எங்களுக்கும் அங்கே ஒரு தம்பி, முன்னப்பின்ன தெரியாதவர், வேலைக்கு லீவு போட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சார். இன்னைக்கு வரைக்கும் அவர் முகத்தை நாங்க நேரில் பார்க்கலை.

விசிட் விசாவில் போய் வேலை பார்க்கிறவங்களை நினைச்சாத்தான் எனக்குப் பயம். அவங்களுக்கு அங்கே முதலாளின்னு சட்டப்படி யாரும் இல்லை, கேட்கவும் முடியாது. பத்தாவது முடிக்காதவங்க முறையாக் குடியேற்ற அனுமதி வாங்கிப் போனா, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்கிற காப்பீடு கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தா 10 லட்சம். உடலைக் கொண்டுவர்ற செலவும் அதில் உண்டு. விசிட் விசாவில் அனுப்புற ஏஜெண்ட் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டார். பாலிசித் தாள் வீட்டில் இருக்கான்னு பாருங்க, பல வீட்டில் அது அவர் பெட்டியோடவே போயிருக்கும்.

இந்தப் பக்கம் யாரைப் பார்க்கணும்? கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்க, திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். அங்கிருந்து சென்னையில் இருக்கிற அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கு அனுப்புவாங்க. அவங்க இலவச எண் 1800 309 3793. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' இணையதளத்திலும் பதியலாம், பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணை எழுதி வச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பக் கேளுங்க. மூணு இடத்திலும் ஒரே நாளில் கொடுங்க, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு இல்லை. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வண்டி ஏற்பாடு உண்டான்னும் அப்பவே கேட்டுடுங்க.

அங்கேயே அடக்கம் பண்ணிடலாமான்னு சில வீட்டில் யோசிப்பாங்க. நம்ம கூட்டமைப்பில் இருக்கிற முஸ்லிம் சகோதரிகள் வீட்டில் பல பேர் அங்கேயே நல்லடக்கம் செய்யறதை விரும்புறாங்க, சீக்கிரம் மண்ணில் சேர்க்கணும்னு. அது அவங்க குடும்பம் எடுக்கிற முடிவு. சவூதியில் எரிக்கிற வழக்கத்துக்கு இடமே இல்லை. அதனால எரிக்கிற குடும்பம்னா உடல் வந்தாகணும், இல்லைன்னா அங்கே புதைக்கச் சம்மதிக்கணும். எதுவானாலும் மனைவியும் பிள்ளைகளும் பெத்தவங்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்க. செலவு மிச்சம்னு கம்பெனி சொல்றதுக்காகத் தலையாட்டாதீங்க.

23-ஆவது நாள் திருச்சிக்கு வந்தார். பயணிகள் வர்ற வாசலில் நின்னவங்களை, "இங்கே இல்லை, கார்கோ பக்கம் போங்க"ன்னு அனுப்பினாங்க. வாங்கிக்கிறவர் ஆதார் வேணும், பில்லுக்கு ஒரு தொகை கட்டணும், கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். எங்க குழுவில் அவசரக் கூட்டம் போட்டு 20,000 ரூபாய் உள்கடன் கொடுத்தாங்க, அதுதான் வண்டிக்கும் காரியத்துக்கும் ஆச்சு.

பெட்டி மேல ஒட்டியிருக்கிற பேரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அங்கேயே சரிபாருங்க. வீட்டுக்கு வந்ததும், திறக்கலாமா வேண்டாமான்னு ஆம்பளைங்க வாசலில் நின்னு பேசினாங்க. நாள் ஆயிடுச்சு, பொம்பளைங்க பார்க்க வேண்டாம்னாங்க. என் தங்கச்சி எழுந்து வந்து, "நான் பார்க்கணும். பார்க்காம எரிச்சா, நான் சாகுற வரைக்கும் அவர் வருவார்னு வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்"னா. யாரும் அதுக்கு மேல பேசலை. மருந்து போட்ட உடல், முகம் கறுத்து இருந்தது. ஆனா அவர்தான். கையில் பச்சை குத்தியிருந்த மூத்தவ பேரைத் தடவிப் பார்த்தா. எல்லா உடலையும் திறக்கிற நிலைமை இருக்காது, தீ விபத்து மாதிரின்னா திறக்க வேண்டாம்னு அதிகாரிகளே சொல்வாங்க, அதைக் கேட்டுக்கணும். திறக்கிற நிலையில் இருந்தா, மனைவியைக் கேட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, கைகூப்பிக் கேட்டுக்கிறேன், அந்த முகத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீங்க. எங்க சின்னவன் அவன் அப்பா முகத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் போனில்தான் முதல்ல பார்த்தான்.

காரியம் முடிஞ்சா வேலை முடிஞ்சதுன்னு இல்லை. நம்ம ஊர் வி.ஏ.ஓ. இறப்புச் சான்றிதழ் தர முடியாது, ஏன்னா இறப்பு நடந்தது இங்கே இல்லை. தூதரகத்தில் பதிந்து கொடுக்கிற சான்றிதழ்தான் எல்லாத்துக்கும் ஆதாரம். வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாம் அதை வச்சுத்தான். மூலத்தை யார்கிட்டயும் கொடுக்காதீங்க, நகல் கொடுங்க. அவர் பாஸ்புக்கை எடுத்து, வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிச்சிருக்காங்களான்னு பாருங்க. பிடிச்சிருந்தா அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் வரும். இறந்தவருக்குப் பிடிச்ச பணம் கேட்காமலே கிடக்கிற பாஸ்புக்கை நான் மூணு வீட்டில் பார்த்திருக்கேன். சம்பள பாக்கிக்கும் வேலை முடிவுப் பணத்துக்கும் தூதரகம் மூலமாத் தனியா எழுதினோம். பதினோரு மாசம் கழிச்சு என் தங்கச்சி கணக்கில் 3 லட்சத்துச் சொச்சம் ஏறிச்சு. அந்தக் கடைசிப் பத்தியில் கையெழுத்துப் போட்டிருந்தா அது இல்லை.

இனி நம்ம தீர்மானத்துக்கு வரேன். போன செயற்குழுவில் எழுதினது, இன்னைக்குப் பொதுக்குழுவில் வைக்கிறோம். ஒவ்வொரு குழுவிலும், வெளிநாட்டில் ஆள் இருக்கிற உறுப்பினருக்கு ஒரு உறை. பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, அங்கத்த அடையாள அட்டை, அது இகாமாவோ எதுவோ, வேலை ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், எல்லாத்துக்கும் நகல். கம்பெனி பேர், போன் எண், கூட ரூமில் இருக்கிற ஒருத்தர் பேர், எண். குழுவோட டிரங்குப் பெட்டியில் தீர்மானப் புத்தகத்தோட இருக்கட்டும், சாவி ஊக்குநர்கிட்ட.

இதையெல்லாம் அவர்கிட்ட எப்படிக் கேட்கிறது, அபசகுனம்னு சொல்வாரேன்னு ஒரு தங்கச்சி கேட்டுச்சு. மேலக்குடியிருப்பு அக்கா ஒருத்தங்க சொன்ன வழி எனக்குப் பிடிச்சது. "குழுவில் லோன் போடக் கேட்கிறாங்க, அனுப்புங்க"ன்னு சொன்னாங்களாம், மறுநாளே எல்லாம் வந்துடுச்சாம். நான் அப்படிச் சொல்லச் சொல்லலை. நேராவே கேளுங்க. கேட்கும்போது இதையும் சொல்லுங்க: "உங்க ரூம்காரங்ககிட்ட என் நம்பரைக் கொடுத்து வைங்க. உங்களுக்கு எதுன்னாலும் முதல்ல எனக்குத்தான் போன் வரணும்."

உறை அச்சடிச்சு வந்துடுச்சு. பந்தலுக்கு வெளியே மேசையில் கணக்காளர் பொண்ணு வச்சிருக்கு, காசு இல்லை. குழு பேரைச் சொல்லி, எத்தனை வேணுமோ எண்ணி வாங்கிக்கங்க. பந்தி ரெண்டு மணிக்குத்தான், அதுக்குள்ள வாங்கிடலாம்.